ஓக்கம் கோட்டை லாடங்கள்

ஓக்கம் கோட்டை லாடங்கள் என்பவை இங்கிலாந்தின் ரட்லண்ட் மாவட்டத்தில், ஓக்கம் நகரின் பழைய கோட்டை மண்டபச் சுவர்களில் தொங்கும் காணிக்கை லாடங்கள். பிரபுப் பட்டம் உடையவர் முதன்முறையாக இவ்வூருக்கு வந்தால், கோட்டைக்கு உரிய தலைவருக்கு ஒரு குதிரை லாடம் கொடுக்க வேண்டும். அரச குடும்பத்தாருக்கும் இதில் விலக்கில்லை. இவ்வாறு சேர்ந்த லாடங்கள் 200-க்கும் மேல்.

தோற்றம்

மண்டபத்தை 1180-க்கும் 1190-க்கும் இடையில் கட்டியவர் வால்க்கலின் டி ஃபெரர்ஸ். நார்மண்டியிலிருந்து வந்த அவருடைய குடும்பத்தின் பெயரில் இரும்பைக் குறிக்கும் 'ஃபெர்ரம்' என்ற லத்தீன் சொல் ஒளிந்திருக்கிறது. லாடம் கட்டுபவரைக் குறிக்கும் 'ஃபேரியர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதுவே வேர். ஆகவே லாடம் அக்குடும்பத்தின் அடையாளமாயிற்று. காணிக்கை வழக்கமும் அதிலிருந்தே கிளைத்தது என்பர்.

லாடத்தை இறையாகச் செலுத்துவது அக்கால இங்கிலாந்துக்குப் புதிதன்று. லண்டன் ஸ்ட்ராண்ட் பகுதியில் 1235-இல் ஒரு கொல்லருக்கு அளிக்கப்பட்ட பட்டறை நிலத்துக்கு 6 லாடங்களும் 61 ஆணிகளும் வாடகை. லண்டன் மாநகரம் அதை இன்றும் அரசின் அதிகாரி முன் எண்ணிக் கொடுக்கிறது.

வடிவ மாற்றம்

ஓக்கத்தில் எஞ்சியவற்றுள் மிகப் பழையது மன்னர் நான்காம் எட்வர்ட் அளித்ததாகக் கருதப்படுகிறது. 1470 மார்ச்சில் ரட்லண்டிலேயே நடந்த லோஸ்கோட் ஃபீல்ட் போரில் கலகக்காரர்களை அவர் வென்றதோடு இதைத் தொடர்புபடுத்துவர்.

குளம்புக்குப் பொருந்தும் சாதாரண லாடம், காலப்போக்கில் காணிக்கைக்கென்றே செய்யப்படும் கலைப்பொருளாக வளர்ந்தது. எந்தக் குதிரைக்கும் பொருந்தாத பெரிய அளவு, உச்சியில் கொடுத்தவரின் தகுதிக்கேற்ற கிரீடம், பெயர், ஆண்டு என அதன் இலக்கணம் அமைந்தது. உலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வளைத்தெடுக்கும் கொல்லரின் கைத்திறனே அந்தப் பெருமைக்கெல்லாம் அடிப்படை.

நம்பிக்கை

பிற இடங்களில் அதிர்ஷ்டம் வழிந்துவிடாமல் தங்க வேண்டும் என்று லாடத்தைப் 'ப' வடிவில், முனைகள் மேல்நோக்க மாட்டுவோர் பலர். ஓக்கத்திலோ அவை கவிழ்ந்தே தொங்குகின்றன. நிமிர்ந்திருந்தால் அதன் குழிவில் சாத்தான் வந்து அமர்ந்துவிடுவான் என்பது உள்ளூர் நம்பிக்கை. 959-இல் கேன்டர்பரி பேராயரான புனித டன்ஸ்டன், சாத்தானின் குளம்பில் லாடம் அடித்து அலறவைத்தார் என்ற ஆங்கிலக் கதையும் லாடத்தைச் சாத்தானோடு இணைக்கிறது.

இக்காலம்

இரண்டாம் எலிசபெத் 1967-இலும், அப்போது இளவரசராக இருந்த சார்லஸ் 2003-இலும் தம் லாடங்களை அளித்தனர். ரட்லண்டின் சின்னத்தில் ஓக் விதைகளோடு பொன்னிற லாடமும் இடம்பெறுகிறது.

தலைவர்களுக்குப் பரிசு வழங்கும் ஊர்கள் உலகெங்கும் உண்டு. ஓக்கத்தில் கொடுக்க வேண்டியவர் வரும் விருந்தினர். நாட்டையே ஆள்பவரும் இங்கிலாந்தின் மிகச் சிறிய பழம் மாவட்டத்துக்குள் நுழைந்தால், அவ்வூர் வழக்கத்துக்குத் தலைவணங்கியாக வேண்டும். மன்னரின் லாடமும் சிறு பிரபுவின் லாடமும் ஒரே சுவரில் தொங்குவது அதற்குச் சான்று.