பெட்ரோல் பீச்சும் பொறியும் பிழை காணும் முறையும்

ஆயர் குரோ என்னும் மலாய்ப் பெயருக்குக் கலங்கல் நீர் என்பது பொருள். மலாக்கா நகரினின்று வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையை நாடிச் செல்லும் வண்டிகளுள் மிகப் பல இவ்வூர் வழியே செல்வன. அவற்றிடையே நாற்பது ஆண்டு கண்ட பழைய கார் ஒன்றும், பெட்ரோலை இயந்திர முறையாற் பீச்சும் அமைப்புடையதாய் இருக்குமாயின், அதன் முதற்பகை இவ்வூர்ப் பெயர் சுட்டும் கலங்கலேயாம். தொட்டியில் தங்கிய துருவும் நீரும், மயிரிழை போன்ற அதன் துளைகளை அடைத்துவிடும்.

பீச்சுதல் என்பது புதிய சொல்லன்று. கறவைப் பசுவின் மடியினின்று பாலைப் பீச்சுகிறோம். சிறுவர் பீச்சாங்குழலால் நீரைப் பீச்சி விளையாடுகின்றனர். நீர்மத்தை அழுத்திச் சிறு துளை வழியே வெளியேற்றுவதே இவற்றின் பொதுத்தன்மை. மோட்டார் காரில் நிகழ்வதும் அதுவே. ஆங்கிலச் சொல்லுக்கு ‘ஊசி போடுதல்’ என்று பொருள் கொள்வோர் மருத்துவமனையை நினைவூட்டுகின்றனரேயன்றி, வேலையை விளக்குவதில்லை.

பெட்ரோல் காற்றோடு கலந்தே எரியும். ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். இவ்விகிதத்தை அமைத்துத் தரும் பணியைத் தொடக்கத்தில் ஏற்றது கார்புரேட்டர். 1893ஆம் ஆண்டளவில் ஜெர்மானியராகிய வில்ஹெல்ம் மேபாக் செம்மைப்படுத்திய அக்கருவியில், குறுகிய குழாய் வழியே விரையும் காற்று தானே பெட்ரோலை உறிஞ்சி இழுத்துச் செல்லும். எளிய கருவி, திருகு முடுக்கியும், செவியால் ஒலி கேட்டும் சரிசெய்யக்கூடியது. மெக்கானிக்குகள் பல தலைமுறையாகக் கற்ற கல்வி இதுவே. பின்னர் வந்த பொறியை அதே கல்வி கொண்டு திருத்தப் புகுந்தபோதுதான் இடர் விளைந்தது.

பீச்சும் முறை டீசல் எஞ்சினுக்கென்றே முதலில் வளர்ந்தது. ருடால்ப் டீசலின் எஞ்சின் 1897இல் வெற்றியுடன் ஓடிற்று. ஆயின் எண்ணெயை உட்செலுத்த அழுத்திய காற்றை நாடியமையின், பெரிய காற்றழுத்தி ஒன்றையும் உடன் சுமக்க வேண்டியதாயிற்று. ஆதலின் அது தொழிற்சாலையிலும் கப்பலிலுமே நின்றது. இராபர்ட் போஷ் நிறுவனத்தார் 1922இல் ஆய்வு தொடங்கி, 1927இல் எண்ணெயை நேரே அழுத்திச் செலுத்தும் சிறிய பம்பைப் பெருமளவிற் செய்யத் தலைப்பட்ட பின்னரே டீசல் சாலைக்குப் பரவிற்று. 1936இல் மெர்சிடிஸ் 260டி கார் தோன்றியது. மலாயாவின் ஊர்களையெல்லாம் இணைத்து ஓடிய வெளியூர் டாக்சிகளுள் மெர்சிடிஸ் டீசல் கார்கள் பல இருந்தமையைப் பழையோர் மறந்திரார். அவை அக்காரின் வழித்தோன்றல்களே.

பெட்ரோலைப் பீச்சும் முறைக்குப் போர் விமானம் வழி திறந்தது. 1940இல் பிரிட்டன் வானில் நடந்த போரில் ஜெர்மானிய விமானங்களின் எஞ்சின்கள் பீச்சும் பம்பு கொண்டிருந்தன. ஆங்கிலேயரின் ஸ்பிட்ஃபயர் விமானத்து மெர்லின் எஞ்சினோ கார்புரேட்டர் கொண்டது. மூக்கைத் திடுமெனக் கீழ்நோக்கித் தாழ்த்தினால் கார்புரேட்டரிலுள்ள பெட்ரோல் இடம் பெயர, எஞ்சின் திணறிற்று. பகைவனோ திணறாது கீழ்நோக்கிப் பாய்ந்து தப்பினான். பியாட்ரிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியியலார், பெட்ரோல் வரும் வழியில் அளவான துளையுடைய சிறு வட்டில் ஒன்றைப் பொருத்தி, 1941இல் அக்குறையைப் பெரிதும் தணித்தார். எஞ்சினையே மாற்ற வேண்டும் என்று ஓலமிடாமல், பெட்ரோல் எவ்விடத்து எவ்வளவு மிகுகின்றது என்று கண்டறிந்தமையே அவர்தம் திறம்.

போர் முடிந்தபின், 1950களின் தொடக்கத்தில், குட்புரோட், கோலியாத் என்னும் சிறிய ஜெர்மானியக் கார்கள் பெட்ரோலைப் பீச்சி ஓடின. 1954இல் மெர்சிடிஸ் 300எஸ்எல் வந்தது. 215 குதிரைத்திறன் உடையது. அதிலும் ஒரு குறை இருந்தது. சாவியைத் திருப்பி நிறுத்திய பின்னும், எஞ்சின் சுழன்று ஓயும்வரை பம்பு பெட்ரோலைச் செலுத்திக்கொண்டே இருந்தது. எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக் கீழிறங்க, எண்ணெய் நீர்த்தது.

இங்கிலாந்தில் லூக்காஸ் நிறுவனத்தின் அமைப்பு 1967இல் டிரையம்ப் டிஆர்5 காரில் இடம்பெற்றது. அது பெற்ற கெட்ட பெயர் பெரிது. எனினும் குற்றத்தின் பெரும்பங்கு அளந்து தரும் கருவியினுடையதன்று; காரின் பின்புறத்தே வைத்த மின்பம்பினுடையது. கண்ணாடி துடைக்கும் மோட்டாரிலிருந்து உருவாக்கிய மோட்டாரே அப்பம்பை ஓட்டிற்று. நெடுநேரம் ஓடி, தொட்டியிற் பெட்ரோலும் குறைந்து, வெயிலும் ஏறிய வேளையில் பம்பு சூடேறப் பெட்ரோல் ஆவியாயிற்று, எஞ்சின் நின்றது. பம்பைக் குளிர்விக்க வழி தேடியோரும், வேறு பம்பை மாற்றினோரும் அமைதியாக ஓட்டினர். ஏனையோர் அரிய கருவியைக் கழற்றி எறிந்து கார்புரேட்டரைப் பூட்டிக்கொண்டனர். ஆராயாது வழங்கிய தீர்ப்பு என்றே இதனைக் கூறவேண்டும்.

போஷ் நிறுவனம் 1973இல் வெளியிட்ட கே-ஜெட்ரானிக் இவ்வகைப் பொறிகளுள் பெரிதும் பரவியது. மலேசியச் சாலைகளிலும் ஓடிய மெர்சிடிஸ் 230இ காரில் இருந்தது இதுவே. விட்டுவிட்டுப் பீச்சாமல் இது இடையறாது பீச்சும். உள்ளே வரும் காற்று ஒரு வட்டத்தட்டைத் தூக்கும். தட்டோடு இணைந்த நெம்புகோல் ஒரு தண்டை மேலே தள்ளும். தண்டு உயர உயர, ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள பிளவுகள் திறந்து பெட்ரோல் மிகுதியாகப் பாயும். தண்டின் தலைமீது பெட்ரோலே எதிரழுத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும். அவ்வழுத்தம் குறைந்தால் தட்டு எளிதில் உயரும், கலவை செறிவாகும்; மிகுந்தால் கலவை நீர்க்கும். நடுவே மின்மூளை ஏதுமில்லை. காற்றும் பெட்ரோலும் தராசின் இரு தட்டுகள்போல் ஒன்றையொன்று நிறுக்கின்றன.

தராசைத் திருத்துவோன் எடைக்கல் இன்றித் திருத்தல் கூடுமோ? இங்கு எடைக்கல்லாவது அழுத்தமானி. தொட்டியிலிருந்து பம்பு தரும் அழுத்தம் 5 பார் அளவில் நிற்றல் வேண்டும். தண்டின் தலைமேலுள்ள கட்டுப்பாட்டு அழுத்தம், குளிர்ந்த எஞ்சினில் குறைந்தும், சூடேறியபின் 3.7 பார் அளவிலும் நிற்றல் வேண்டும். இவ்வேற்றத்தை நிகழ்த்துவது, மின்சாரத்தாற் சூடேறி வளையும் ஈருலோகத் தகடு ஒன்று.

அத்தகட்டுக்குச் செல்லும் மின்கம்பி அறுந்ததெனக் கொள்வோம். எஞ்சின் சூடேறியும் அழுத்தம் ஏறாது, கரும்புகை எழும், ஸ்பார்க் பிளக்குகள் கரிபடியும், பெட்ரோல் செலவு பெருகும். கார்புரேட்டரிற் பழகிய கை, உடனே கலவைத் திருகைத் தேடும். திருகைத் திருப்பப் புகை அடங்கும். நோய் தீர்ந்ததென்று காரைத் திருப்பிக் கொடுத்துவிடுவர். மறுநாட் காலை எஞ்சின் கிளம்ப மறுக்கும். குளிர்கால ஊசிவால்வு கெட்டதென்று அதனை மாற்றுவர். பின் பம்பை மாற்றுவர். முடிவில் விலையுயர்ந்த பகிர்வுக் கருவியையே மாற்றுவர். அறுந்த கம்பி அறுந்தபடியே கிடக்கும். அழுத்தமானியை முதலிலேயே பூட்டியிருப்பின் கால் மணி நேரத்தில் உண்மை விளங்கியிருக்கும்.

நம் நாட்டு வெப்பத்தில் அடிக்கடி தோன்றும் குறை வேறு. காலையில் நன்றாகக் கிளம்பிய கார், நண்பகலில் கடைத்தெருவில் இருபது நிமிடம் நின்றபின் கிளம்பாது. எஞ்சினை நிறுத்தியபின்னும் குழாய்களில் ஓரளவு அழுத்தம் தங்கினால்தான் சூட்டிலே பெட்ரோல் ஆவியாகாது. அதனைத் தாங்குவன பம்பிலுள்ள ஒருவழி வால்வும், அழுத்தச் சேமக்கலமும். இவற்றுள் ஒன்று கசிந்தாலும், பீச்சுமுனைகள் சொட்டினாலும், குழாயில் ஆவிக்குமிழ் நிறையும். நிறுத்தியபின் அழுத்தமானியின் முள் எவ்வளவு விரைவில் விழுகின்றது என்று பார்த்தலே இதற்குரிய சோதனை.

ரப்பரைப் பற்றியும் ஒரு சொல். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை 1896இல் டான் சாய் யான் தொடங்கியது இம்மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான். நம் தோட்ட மக்கள் வெட்டிய பால், உலகின் டயர்களாயிற்று. ஆயின் இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறினால் உப்பி நெகிழ்ந்துபோம்; எனவே பெட்ரோல் குழாய்களுக்கும் வளையங்களுக்கும், ஜெர்மானியர் 1930களில் ஆக்கிய நைட்ரில் வகைச் செயற்கை ரப்பர் பயன்படலாயிற்று. அதுவும் காலத்தால் வெடிக்கும். வட்டத்தட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழல் வெடித்தாற் பெருந்தொல்லை. வெடிப்பின் வழி நுழையும் காற்று தட்டைத் தூக்காமையின் கணக்கில் வாராது. அதற்குரிய பெட்ரோலும் வாராது. எஞ்சின் நின்றநிலையில் ஏறியிறங்கித் தடுமாறும். இதனை அறியச் செலவில்லாச் சோதனை ஒன்றுண்டு. எஞ்சின் மெதுவாக ஓடுகையில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால், குழல் செம்மையாயுள்ள கார் உடனே தடுமாறும். புறக்காற்று புகுந்தமையே காரணம். திறந்தும் மாற்றம் இல்லையெனில், காற்று முன்னரே வேறெங்கோ புகுகின்றது என்று கொள்க.

இவ்வளவும் முடித்து, ஸ்பார்க் பிளக், வால்வு இடைவெளி, வடிகட்டி யாவும் நன்றெனக் கண்ட பின்னரே கலவைத் திருகைத் தொடுதல் முறை. தொடுமுன் அது நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பீச்சுமுனைகளைக் கழற்றி, ஒரே அளவுள்ள கண்ணாடிக் குவளைகளிற் பீச்சவிட்டு ஒப்பிட்டால், ஒன்றிற் குறைவதும் ஒன்றில் மிகுவதும் கண்ணுக்குத் தெரியும். அப்போது தீப்பொறி அருகில் இருத்தலாகாது.

கே-ஜெட்ரானிக் நெடுங்காலம் நிலைத்தது; போர்ஷ் 911 டர்போ கார் 1994 வரையும் அதனையே கொண்டிருந்தது. பின்வந்த கார்கள் தம் குறையைத் தாமே எண்களாற் சொல்லும். பழைய கார் சொல்லாது. அழுத்தமானியைப் பூட்டிக் கேட்பவர்க்கு மட்டும் முள்ளால் விடை தரும்.