காஞ்சிபுரம் சாலைகளில் ரன்-ஃபிளாட் டயர்: ஸ்போர்ட்ஸ் காருக்கு மாற்று டயர் தேர்வது பற்றி ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடத்தில் அப்போலோவும், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜே.கே., சியட் நிறுவனங்களும் டயர் தயாரிக்கின்றன. பக்கத்து மகேந்திரா சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. கார்கள் உருவாகின்றன. ஸ்டெப்னி இல்லாத கார் இங்கே பழக்கமானதில் அந்நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. அதன் இரண்டு இருக்கை இசட்4 (இ89 வகை) காரை வைத்து, டயர் தேய்ந்தபின் காஞ்சிபுரத்துக்காரர் எதை வாங்கலாம் என்று இக்கட்டுரை ஆராய்கிறது.

2. அமைப்பு

ரன்-ஃபிளாட் டயரின் பக்கச்சுவருக்குள் தடித்த ரப்பர் பட்டை உண்டு. காற்று முழுதும் இறங்கினாலும் அதுவே காரைத் தாங்கும். 1997இல் அமெரிக்காவின் கார்வெட் கார் இதை நம்பித்தான் ஸ்டெப்னியைக் கைவிட்டது. காற்றின்றி ஓடும்போது சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறுகிறது. அதனால்தான் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம், 80 கிலோமீட்டர் தூரம் என்ற வரம்பு. சித்திரை வெயிலில் அந்த வரம்பை நெருங்காமலிருப்பதே நல்லது.

3. டயரில் படிக்க வேண்டியவை

18 அங்குல ரிம் கொண்ட இ89 காருக்கு முன்பக்கம் 225/40, பின்பக்கம் 255/35. கணக்கிட்டால் இரண்டிலும் பக்கச்சுவர் உயரம் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர்தான். அவ்வளவு குட்டையான, விறைத்த சுவர் பள்ளத்தில் விழுந்தால் அடி நேரே அலாய் ரிம்முக்குப் போகும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருக்களில் இது பெரிய குறை.

பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்.எஃப்.டி. என்றும், மிஷலின் இசட்.பி. என்றும், காண்டினென்டல் எஸ்.எஸ்.ஆர். என்றும் ரன்-ஃபிளாட்டைக் குறிக்கும். நட்சத்திரக் குறி இருந்தால் பி.எம்.டபிள்யூ. ஒப்புதல் பெற்ற டயர். ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியில் முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். கடையில் பல ஆண்டு கிடந்த டயரை, தள்ளுபடி எவ்வளவு என்றாலும், வாங்கக் கூடாது.

4. தூரக் கணக்கு

விலையையும் சொகுசையும்விடப் போகும் தூரமே முக்கியம் என்பது என் முடிவு. காஞ்சிபுரத்திலிருந்து சென்னை சுமார் 75 கிலோமீட்டர்; காற்றின்றி ஓடும் வரம்புக்குள்தான். இந்த அளவு டயர் கிடைக்கும் கடைகள் அங்கேதான். எனவே சென்னைக்கே பெரும்பாலும் போய்வருபவருக்கு ரன்-ஃபிளாட் மிகப் பொருத்தம். இரவில் சுங்குவார்சத்திரம் அருகே ஆணி ஏறினாலும் நெடுஞ்சாலை ஓரம் இறங்கி நிற்க வேண்டியதில்லை.

பெங்களூருப் பக்கம் போகிறவர் நிலை வேறு. ஆம்பூர் அருகே காற்று இறங்கினால் 80 கிலோமீட்டருக்குள் சென்னையும் இல்லை, பெங்களூருவும் இல்லை. காற்றின்றி ஓடிய டயரின் உட்சுவர் உரசி, ரப்பர் துகள் உதிர்ந்து கிடக்கும். அதை ஒட்டி ஓட்டுவது ஆபத்து. சாதாரண டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறியதும் நிறுத்திவிட்டால், பக்கத்து ஊர் பஞ்சர் கடைக்காரரே சரிசெய்துவிடுவார். அடிக்கடி மேற்கே போகிறவர் அதற்கே மாறலாம். அப்படி மாறினால் பஞ்சர் ஒட்டும் கிட், சிறு காற்றுப் பம்ப் இரண்டும் காரில் இருக்க வேண்டும். பக்கச்சுவர் கிழிந்தால் அந்தக் கிட் உதவாது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

5. பொருத்துதல்

எதைத் தேர்ந்தாலும் நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும். ரன்-ஃபிளாட்டின் விறைத்த விளிம்பை நெம்புகோலால் ஏற்றினால் ரிம் கீறும். துணைக்கை உள்ள டயர் மாற்றும் இயந்திரம் வைத்திருக்கும் கடைதான் ஏற்றது. காற்றழுத்த எச்சரிக்கை வேலை செய்யாத காரில் ரன்-ஃபிளாட் பூட்டவே கூடாது. சுவர் விறைப்பாக நிற்பதால் காற்று இறங்கியது கண்ணுக்கே தெரியாது. புது டயர் பூட்டியதும், ஆறிய டயரில் காற்றைச் சரிபார்த்து, அந்த எச்சரிக்கையை ரீசெட் செய்த பிறகே கடையை விட்டுக் கிளம்ப வேண்டும்.