பெயரும் பிழையும்

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களைக் காட்டுகிறவர்கள் ஒன்றைத் தருமராஜ ரதம் என்பார்கள். ஒன்றைப் பீம ரதம் என்பார்கள். ஓலைக் குடிசைபோல் நிற்கும் சின்னஞ் சிறியதைத் திரௌபதி ரதம் என்பார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பாண்டவர்களுக்கும் இந்தப் பாறைகளுக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. இவை ரதங்களும் அல்ல; ஒற்றைக் கல்லில் செதுக்கிய கோயில் விமானங்கள். திரௌபதி ரதத்தின் உள்ளே நிற்பவள் துர்க்கை. தருமராஜ ரதத்தின் மூன்றாம் நிலையிலோ, 'அத்யந்தகாம பல்லவேசுவர கிருகம்' என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறது.

கட்டியவன் இட்ட பெயர் உச்சியில் இருக்க, கீழே நின்றவர்கள் தங்களுக்குத் தெரிந்த கதையிலிருந்து ஒரு பெயரை எடுத்து வைத்துக்கொண்டார்கள். 1890-இல் ஹூல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் அந்தச் சாசனங்களைப் பதிப்பித்தார். அப்படியும் வழக்குத் தீரவில்லை. அத்யந்தகாமன் என்பது இயற்பெயர் அன்று, விருதுப் பெயர். முதலாம் நரசிம்மனா, பரமேசுவரனா, ராஜசிம்மனா? காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்மனுக்குச் சூட்டிய விருதுகளிலும் அது இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் இரா. நாகசாமி, மாமல்லபுரம் முழுவதும் ராஜசிம்மன் படைப்பே என்று வாதித்தார், மறுத்தவர்களும் உண்டு. விருது அழகானதுதான், ஆளைத்தான் காட்டவில்லை.

சென்னையிலிருந்து இந்தக் கற்களுக்குப் போகும் பழைய சாலையில் இன்று பிரயாணம் செய்தால், செங்கல்பட்டு மாவட்டத்துச் சிறுசேரிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் அணிவகுத்து நிற்கின்றன. சாலைக்கு ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் மாற்றியாயிற்று. ஜனங்கள் வாயில் அது இன்னும் 'ஓ.எம்.ஆர்.' தான். அந்தக் கட்டடங்களில் நடக்கும் தொழிலிலும் பெயர் ஒரு பெரிய விவகாரம். அதிலும் கம்ப்யூட்டரின் உயிர்நிலையான கெர்னலை எழுதுகிறவர்களுக்குப் பெயரும் பிழையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்ட விஷயங்கள்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. நினைவகத்தைப் பங்கிடுவதும், கருவிகளை ஆள்வதும் அதன் வேலை. 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், இன்று ஆண்ட்ராய்ட் கைப்பேசிகளிலும், உலகின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்களிலும் இருக்கிறது. அதில் ஒரு கருவியை எழுப்புவதென்றால் முதலில் நினைவகத்தில் இடம் கேட்க வேண்டும், பிறகு கருவி அழைத்தால் கேட்க ஒரு வழி, பிறகு பதிவு. மூன்றாவது படியில் தவறினால் என்ன செய்வது? ஏணியில் ஏறியவன் இறங்குவதுபோல, கடைசியாகப் பெற்றதை முதலில் கொடுத்து, முதலில் பெற்றதைக் கடைசியில் கொடுக்க வேண்டும். ஒன்றை மறந்தால் நினைவகம் துளித்துளியாக ஒழுகிப் போகும். ஒன்றையே இருமுறை கொடுத்தால், அதற்குள் வேறொருவர் கைக்குப் போய்விட்ட இடத்தைப் பிடுங்கியதாகும்.

1968-இல் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர், நிரலில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் 'கோ டூ' கட்டளை தீமை பயப்பது என்று எழுதினார். கெர்னல்காரர்களோ இந்த ஒரு காரியத்துக்கு அதை வைத்துக்கொண்டார்கள். தவறு நேர்ந்தால் முடிவிலுள்ள துப்புரவுப் பகுதிக்குத் தாவுவதற்கு. ஆனால் தாவிச் சேரும் இடத்துக்குப் பெயர் வேண்டுமே! 'பிழை-1', 'பிழை-2' என்று எண் போடக் கூடாது என்கிறது கெர்னலின் நடைவிதி. நடுவில் ஒரு படி சேர்ந்தால் எண்கள் எல்லாம் மாறிப்போகும், சரிபார்க்கவும் முடியாது. 'பஃபரை விடுவித்து வெளியேறு' என்று, செய்யும் வேலையையே பெயராக வைக்கச் சொல்கிறது.

எல்லாத் தவறுகளுக்கும் 'பிழை' என்று ஒரே வாசலை வைப்பதிலும் ஆபத்து உண்டு. பெட்டியே கிடைக்காதபோதும் அந்த வாசலுக்கு வந்தவன், பெட்டிக்குள்ளிருக்கும் பொருளைத் திருப்பிக் கொடுக்க முயலுவான், கம்ப்யூட்டர் நின்றுவிடும். கெர்னலுக்கு வெளியே 2014-இல் நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். ஆப்பிள் கம்பெனியின் பாதுகாப்பு நிரலில் 'தோல்விக்குப் போ' என்ற ஒரு வரி இருமுறை விழுந்துவிட்டது. நிபந்தனையில்லாமல் நின்ற இரண்டாவது வரி, எதிராளி யார் என்று சோதிக்கும் கட்டத்தைத் தாண்டிக் குதித்தது. அந்நேரம் பிழை எண் சுழியாக இருந்ததால், பெயர் தோல்வி, விடை வெற்றி! ரகசியச் செய்திகளுக்குக் காவல் போயிற்று.

மனித மறதியை நம்ப வேண்டாமென்று, 2007-இல் கருவி போகும்போது அதன் உடைமைகளைக் கெர்னலே திருப்பும் ஏற்பாடு வந்தது. 2023-இல், எல்லையைத் தாண்டியதும் தானே துப்புரவாகும் மாறிகளும் வந்தன. ஆயினும் பிறர் எழுதியதைப் படித்துப் பார்க்கும் ஆள் தேவைதான். அவர் கேட்பது இரண்டே கேள்விகள்: வேலை இந்த இடத்தில் நின்றுபோனால் மிச்சம் என்ன ஆகும்? நாளை வருகிற அந்நியனுக்கு இந்தப் பெயரே வழி சொல்லுமா?

தருமராஜ ரதத்தின் அடிநிலை இன்றும் முடியாமல் கிடக்கிறது. சிற்பிகள் மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்ததால், உளி நின்ற நாளில் மேல் நிலைகள் ஊறுபடாமல் நின்றன. முதல் கேள்விக்கு அவர்கள் சரியான விடை வைத்திருந்தார்கள். இரண்டாவதற்கும் விடை எழுதத்தான் செய்தார்கள். ஏறிப் பார்க்க ஆளில்லாத மூன்றாம் நிலையில் எழுதிவிட்டார்கள்.