டிராக்டருக்குப் பூச இயலாத ‘டிராக்டர்’: மலிவு வண்ணத்தின் மும்பை வரலாறு

இந்தியப் பெயிண்ட் கடைகளில் ஒரு பெயர் நீண்ட காலமாகப் புழங்கி வருகிறது: ‘டிராக்டர்’. 1950களில் ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனம் நடுத்தர வீடுகளுக்காகக் கொண்டுவந்த, துடைத்துக் கழுவத்தக்க டிஸ்டெம்பரின் பெயர் அது. நீரில் கரைத்துச் சுவரில் பூசும் அக்கலவையை ஓர் உழவு இயந்திரத்தின் இரும்புத் தகட்டில் பூசினால் முதல் மழையிலேயே கழன்றுவிடும். ஆயினும் அப்பெயர் காரணமின்றி வைக்கப்பட்டதன்று. உழைப்பு, உறுதி, சிக்கனம் ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் உணர்த்தும் ஆற்றல் அக்காலத்தில் ‘டிராக்டர்’ என்ற சொல்லுக்கு இருந்தது. இயந்திரத்தின் பெயரைச் சுவர் எடுத்துக்கொண்டது. பழைய டிராக்டருக்கு மறுவண்ணம் பூச முனைபவர் வேறொரு டப்பாவைத் தேட வேண்டியதாயிற்று. அந்த டப்பாவின் வரலாறு, ‘மலிவு’ என்ற சொல்லின் வரலாறும் ஆகும்.

இவ்வரலாற்றைப் பார்க்க ஆண்டாப் ஹில் பொருத்தமான இடம். மும்பையின் வடாலாவுக்கும் சயான் கோலிவாடாவுக்கும் இடைப்பட்ட இப்பகுதியில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பும், தமிழர் தலைமுறைகளாக வாழும் குடிசைப் பகுதிகளும், இரசாயனக் கிடங்குகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வடாலா லாரி முனையமும், ‘எம்.எச்.03’ எனப் பதிவெண் வழங்கும் மும்பை கிழக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் இங்கேயே உள்ளன. வாடகை வண்டிகளும் சரக்கு வண்டிகளும் தகுதிச் சான்று பெறும் முன் வண்ணம் பூசிக்கொள்வது வழக்கம். அச்சடங்குக்கு மும்பைத் தொழிலாளர் வழக்கில் ‘பாசிங்’ என்று பெயர். எனவே பழைய தகட்டை மிகக் குறைந்த செலவில் புதிதாகத் தோன்றச் செய்யும் கலைக்கு இங்கு நிலையான தேவை உண்டு. தமிழ்நாட்டில் ‘டிங்கரிங்’ எனப்படும் வேலை இங்கே ‘டென்டிங்’ ஆகிறது. ‘பட்டி’ இரண்டு இடத்திலும் பட்டியே.

மும்பை வண்ணத்தை வாங்கும் நகரமாக மட்டும் இருக்கவில்லை. அதை ஆக்கும் நகரமாகவும் இருந்தது. 1920இல் லோயர் பரேலில் ககன் பெயின்ட்ஸ் அண்டு வார்னிஷ் நிறுவனம் தொடங்கியது. 1933இல் அதனைப் பிரித்தானியக் குழுமம் ஒன்று வாங்க, அது குட்லாஸ் வால் ஆயிற்று. இன்றைய கன்சாய் நெரோலாக்கின் முன்னோடி அதுவே. வாங்கிய குழுமத்தின் பெயர் ‘லெட் இண்டஸ்ட்ரீஸ் குரூப்’, அதாவது ஈயத் தொழில் குழுமம். வண்ணத் தொழிலும் ஈயத் தொழிலும் ஒன்றாகவே எண்ணப்பட்ட காலத்தின் தடயம் அப்பெயரில் உள்ளது. 1942இல், போர்க்கால இறக்குமதித் தடையின் நடுவே, சம்பக்லால் சோக்ஸி, சிமன்லால் சோக்ஸி, சூர்யகாந்த் தானி, அரவிந்த் வக்கீல் ஆகிய நால்வர் கிர்காவ் பகுதியின் காய்வாடியில் ஒரு கார் கொட்டகையில் ஏஷியன் பெயின்ட்ஸைத் தொடங்கினர்.

நகரத்துப் பெரிய வணிகர்கள் இப்புதிய நிறுவனத்துக்கு இடம் தராதபோது அது மகாராஷ்டிரத்தின் சிற்றூர்களை நாடியது. அங்கே ஆவணி அமாவாசையை ஒட்டி வரும் ‘போளா’ விழாவில் உழவர்கள் எருதுகளின் கொம்புகளுக்கு வண்ணம் தீட்டுவர். தமிழரின் மாட்டுப் பொங்கலுக்கு நேரான வழக்கம் இது. கொம்புக்கு ஒரு காலன் வண்ணம் வேண்டியதில்லை; கைப்பிடிக்குள் அடங்கும் சிறு டப்பா போதும். பிற நிறுவனங்கள் பெரிய டப்பாக்களில் விற்றுக்கொண்டிருந்தபோது சிறு டப்பாக்கள் ஊரூராய்ச் சென்றன. மலிவு என்பது இங்கு விலைக்குறைப்பால் வரவில்லை. அளவைச் சிறிதாக்கியதால் வந்தது. எருதின் கொம்புக்கு வந்த அந்த எனாமல் வகையே பின்னாளில் எருதின் இடத்தைப் பிடித்த இயந்திரத்துக்கும் பூசப்பட்டது.

அந்த இயந்திரமும் இதே நகரத்தில் பிறந்தது. 1963இல் மஹிந்திரா, வோல்டாஸ், அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஆகியவற்றின் கூட்டாக இன்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனி ஆஃப் இந்தியா உருவானது. 1965 முதல் காந்திவலி ஆலையிலிருந்து பி-275 டிராக்டர்கள் வெளிவந்தன; 1977இல் அந்நிறுவனம் மஹிந்திராவுடன் இணைந்தது. அவ்வண்டிகளின் சிவப்பு இந்தியத் தேர்வன்று. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1936இல் தன் சாம்பல் நிறத்தைக் கைவிட்டுச் சிவப்புக்கு மாறியது. சாலையில் தொலைவிலிருந்தே தெரிய வேண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபேயும் மாஸி ஃபெர்குசனின் சிவப்பையே ஏற்றது. இவ்வாறு இரு வெளிநாட்டு நிறுவனங்களின் அடையாள நிறம் இந்திய உழவர் மனத்தில் டிராக்டரின் இயல்பான நிறமாகப் பதிந்தது. பழைய வண்டியை விற்கும்போது அந்தச் சிவப்பு ஒளிர்ந்தால் விலை கூடும், வெளுத்தால் குறையும். மறுவண்ணத்தின் பொருளாதாரம் இங்கிருந்தே தொடங்குகிறது.

பட்டறைப் பேச்சில் இதற்கான தேர்வு மூன்று சொற்களில் அடங்கும். முதலாவது ‘டூக்கோ’. 1923இல் டியூபான்ட் நிறுவனம் விரைவில் உலரும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுக்கு இட்ட வணிகப் பெயர் அது. அதுவரை வாரக்கணக்கில் நடந்த கார் வண்ண வேலையை அது மிகக் குறுகிய நேரத்துக்குள் கொண்டுவந்தது. இந்தியாவில் அப்பெயர் தன் உரிமையாளரை இழந்து, துப்பாக்கியால் தெளிக்கும் வண்ண வேலை முழுவதையும் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. இரண்டாவது ‘சிந்தெடிக் எனாமல்’. இதன் அடிப்படை ‘அல்கைடு’ என்னும் பிசின். 1920களில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வாளர் ராய் கீன்லே, ஆல்கஹால், ஆசிட் என்ற இரு சொற்களை ஒட்டி அப்பெயரை உருவாக்கினார். ஆளிவிதை எண்ணெய், நீர் நீக்கிய ஆமணக்கெண்ணெய் போன்றவை அப்பிசினில் சேர்கின்றன. செயற்கை எனப் பொருள்படும் ‘சிந்தெடிக்’ என்ற பெயரைத் தாங்கிய டப்பாவில் வயலின் எண்ணெய் இருப்பது இச்சொல்லின் முரண். மூன்றாவது ‘பி.யூ.’ எனப்படும் பாலியுரேதேன். வண்ணத்தையும் ஹார்டனரையும் கலந்தவுடன் வேதிவினை தொடங்கும். கலந்ததைச் சில மணி நேரத்துக்குள் தெளித்து முடிக்க வேண்டும்.

இம்மூன்றும் உலரும் விதமே அவற்றின் குணத்தை வேறுபடுத்துகிறது. டூக்கோவில் தின்னர் ஆவியாவதே உலர்தல். ஆகவே மீண்டும் தின்னர் பட்டால் கரையும், எரிபொருள் சிந்தினால் கறைபடும். மும்பையின் மழைக்கால ஈரத்தில் தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகட்டின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால்போல் வெளுக்கும். எனாமல் காற்றின் ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகும். ஓரிரவு பொறுத்தால் போதும், தூரிகையாலும் பூசலாம், பல கோட்டுகள் வேண்டியதில்லை. ஆனால் வெயிலில் நின்றால் சில ஆண்டுகளில் மாவு பூத்து மங்கும். பி.யூ. டீசலையும் வெயிலையும் நன்கு தாங்கும், விலை அதிகம்.

ஒரு பழைய டிராக்டருக்கு எது சிக்கனம் என்ற கேள்விக்கு லிட்டர் விலை மட்டும் விடையாகாது. செலவின் பெரும்பகுதி டப்பாவில் இல்லை. துருவைச் சுரண்டுவதிலும், எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுவதிலும், பட்டி பார்த்துத் தேய்ப்பதிலும் செல்லும் கூலியில் உள்ளது. அவ்வேலையைக் குறைத்தால் எந்த விலையுயர்ந்த வண்ணமும் உரியும். கடலோரக் காற்றின் உப்பு தகட்டில் தங்கியிருக்க அதன்மேல் பூசினால் பூச்சின் அடியில் நீர் கோத்துக் கொப்புளம் எழும். பழைய பூச்சின் வகையை அறியாமல் டூக்கோவைத் தெளித்தால் அதன் கடுமையான தின்னர் அடியிலுள்ள எனாமலைச் சுருக்கித் தூக்கிவிடும்; தின்னர் நனைத்த துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்ப்பது அதற்கான எளிய சோதனை. வயலில் நாளும் உழைக்கும் வண்டிக்கு, நன்கு துரு நீக்கிய தகட்டில் ரெட் ஆக்சைடு பிரைமரும் அதன்மேல் எனாமலும் என்ற பழைய முறை நிலைத்திருப்பதற்குக் காரணம் இதுவே. கீறல் விழுந்த இடத்தில் உழவரே அடுத்த ஆண்டு தூரிகையால் பூசிக்கொள்ளலாம். சீராக்கும் எளிமையும் மலிவின் ஒரு பகுதி.

இக்கணக்கில் எழுதப்படாத ஒரு வரி உண்டு. தமிழில் இரும்பின் சிவப்புக்குக் காவி என்றும் ஈயத்தின் சிவப்புக்குச் செந்தூரம் என்றும் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. சந்தைமொழி இரண்டையும் ‘ரெட்’ என்றே அழைத்தது. ரெட் ஆக்சைடு என்பது காவி. ரெட் லெட் என்பது செந்தூரம். இரும்பைத் துருவிலிருந்து காப்பதில் செந்தூரம் சிறந்தது என்பதால் நெடுங்காலம் அதுவே அடிப்பூச்சாக இருந்தது. மேற்பூச்சிலும், ஒளிரும் மஞ்சளையும் ஆரஞ்சு கலந்த சிவப்பையும் குறைந்த செலவில் தந்தவை ஈயக் குரோமேட் நிறமிகள். அவை தகட்டை நன்கு மறைக்கும், வெயிலைத் தாங்கும். ஈயம் கலவாத மலிவான கரிமச் சிவப்புகள் பல விரைவில் வெளுத்துவிடும். ஆகவே கண்ணைக் கவரும் மலிவு நிறம் பெரும்பாலும் ஈயத்தின் கொடையாக இருந்தது.

இந்திய அரசு 2016இல் வெளியிட்டு 2017 நவம்பர் முதல் நடைமுறைப்படுத்திய விதிகள், வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்கு என வரையறுத்தன. அவ்விதிகளின் தலைப்பே அவற்றின் எல்லையைச் சொல்லிவிடுகிறது: வீட்டு உபயோக, அலங்கார வண்ணப்பூச்சுகள். குழந்தை தொடும் சுவரைச் சட்டம் காத்தது, அது நியாயமே. ஆனால் தொழிற்பூச்சுகள் அவ்வரம்புக்குள் வரவில்லை. ‘டிராக்டர்’ என்ற பெயருடைய சுவர்ப்பூச்சு சட்டத்தின் பாதுகாப்புக்குள் நின்றது. உண்மையான டிராக்டரின் பழைய வண்ணத்தைச் சுரண்டுபவர் அதற்கு வெளியே நின்றார்.

சுரண்டும் கணத்தில்தான் பழைய ஈயம் தூசியாகிறது. உலர்ந்த எமரித் தாளால் தேய்த்தால் அது மூச்சில் சேரும்; ஆடையில் ஒட்டி வீட்டுக்கும் செல்லும். பட்டறையும் குடியிருப்பும் ஒரே சந்தில் அமைந்த இடங்களில் அத்தொலைவும் இல்லை. வாட்டர் பேப்பரால் நீர்விட்டுத் தேய்ப்பது தூசியைப் பெரிதும் குறைக்கும்; கழுவிய சேற்றைச் சாக்கடையில் விடாது தனியே சேர்க்க வேண்டும். ஈயத்தைத் தவிர்த்து பி.யூ.வுக்கு மாறினாலும் இடர் முடிவதில்லை. அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட், தெளிக்கும்போது மூச்சில் சேர்ந்து தொழில்வழி ஆஸ்துமாவை உண்டாக்குவதாக உலகெங்கும் அறியப்பட்டுள்ளது. முகத்தில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. திறந்தவெளியில் தூரிகையால் பூசும் எனாமல் இவ்வகையிலும் குறைந்த தீங்குடையது.

ஒரு நூற்றாண்டில் வண்ணம் மும்முறை மலிவாயிற்று: சிறு டப்பாவால், விரைவில் உலரும் பிசினால், ஒளிரும் நிறமியால். முதலாவதன் பயன் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் கிடைத்தது, யாருக்கும் இழப்பில்லை. மற்ற இரண்டிலும் குறைந்த விலையின் மிச்சத்தைத் தெளிப்பவரின் நுரையீரலும் சுரண்டுபவரின் குருதியும் செலுத்தி வந்துள்ளன. பழைய டிராக்டருக்கு வண்ணம் தேர்ந்தெடுப்பவர் லிட்டர் விலையோடு, அது தாங்கும் ஆண்டுகளையும், அதைப் பூசுபவரின் உடல்நலத்தையும் ஒரே கணக்கில் எழுதிப் பார்க்க வேண்டும். டப்பாவின் மேல் ஈய அளவைத் தேடிப் படிப்பதும், ஒரு முகக்கவசத்தின் விலையைக் கூலியோடு சேர்ப்பதும் அக்கணக்கின் முதல் இரு வரிகள்.