ஓட்டு மை ஏன் அழிய மாட்டேங்குது? காரணம் சில்வர் நைட்ரேட்!

ஓட்டுப் போட்டு ஒரு வாரம் ஆன பிறகும் இடது கை ஆள்காட்டி விரலில் அந்தக் கறுப்புக் கோடு அப்படியே இருக்கும். தஞ்சாவூர் மாவட்டம் திருக்காட்டுப்பள்ளியில் ஓட்டுப் போட்டுவிட்டு, மறுநாளே பம்புசெட் தண்ணீர் பாயும் வயலில் இறங்கி நாற்று நடுகிறவரின் விரலிலும் அது போகாது. சோப்பும் சேறும் ஒன்றும் செய்ய முடியாத அந்த மையில் அப்படி என்னதான் இருக்கு?

மையில் இருப்பது என்ன?

முக்கியமான பொருள் சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி உப்பு. டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் இந்த மையை உருவாக்கியது. 1962 பொதுத்தேர்தலில் இருந்து இது பயன்பாட்டில் இருக்கிறது. கர்நாடக அரசு நிறுவனமான மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் தயாரித்துத் தருகிறது. முழு ஃபார்முலா ரகசியம்.

சில்வர் நைட்ரேட் எப்படித் தயாராகிறது?

சுத்தமான வெள்ளியை நைட்ரிக் ஆசிட்டில் கரைப்பார்கள். நகைப் பட்டறைகளில் தங்கத்தில் கலந்த வெள்ளியைப் பிரிக்கவும் இதே ஆசிட்தான். வெள்ளி கரைந்துவிடும், தங்கம் கரையாது. கரைசலைச் சுண்டவைத்து ஆறவிட்டால் நிறமில்லாத படிகங்கள் கிடைக்கும். 100 கிராம் வெள்ளியில் இருந்து சுமார் 157 கிராம் சில்வர் நைட்ரேட் வரும்.

வெள்ளி கரையும்போது கிளம்பும் பழுப்பு நிறப் புகை நுரையீரலைப் பாதிக்கும் விஷவாயு. அதனால் இதை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது.

இதன் குணம் என்ன?

தண்ணீரில் மிக எளிதாகக் கரையும். சுமார் 210 டிகிரி செல்சியஸில் உருகும். தோல், துணி போன்றவற்றில் பட்டு வெளிச்சமும் சேர்ந்தால் கறுத்துவிடும். அதனால்தான் லேப்களில் பழுப்பு நிற பாட்டிலில் வைக்கிறார்கள். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்கும் குளோரைடு சோதனைக்கும் இதுதான் பயன்படுகிறது. உப்புத் தண்ணீரில் சேர்த்தால் தயிர் திரிந்தது போல வெள்ளையாகப் படியும். அது சில்வர் குளோரைடு.

விரலில் நடப்பது என்ன?

அதே வேலைதான் விரலிலும் நடக்கிறது. தோலில் வியர்வை உப்பு இருக்கும். மை பட்டதும் சில்வர் குளோரைடு உருவாகி, தோலோடு ஒட்டிக்கொள்ளும். அது தண்ணீரில் கரையாது. வெளிச்சம் பட்டதும் அதிலிருந்து வெள்ளி நுண்துகள்களாகப் பிரியும். கட்டியாக இருக்கும் வெள்ளி மின்னும், நுண்துகளான வெள்ளி கறுப்பாகத் தெரியும். வைக்கும்போது தெரியும் ஊதா நிறம் வெறும் சாயம்தான். பிறகு தெரியும் கறுப்புதான் வெள்ளி.

ஆகவே இது தோலின் மேல் பூசிய பெயிண்ட் இல்லை, தோலுக்குள்ளேயே உருவான கறை. அந்தத் தோல் செல்கள் உதிர்ந்தால்தான் போகும். நகத்தில் பட்டது நகம் வளர்ந்து வெட்டும்வரை இருக்கும். அதனால்தான் நகத்தின் மேல்முனையில் இருந்து முதல் மூட்டு வரை கோடு போடுகிறார்கள்.

ஏமாற்ற முடியுமா?

விரலில் முன்கூட்டியே எண்ணெய் தடவி வருபவர்கள் உண்டு. எண்ணெய்ப் பசை இருந்தால் துணியால் துடைத்துவிட்டே மை வைக்க வேண்டும் என்பது வாக்குச்சாவடி அலுவலர்களுக்கான அறிவுறுத்தல். மை வைக்க மறுத்தால் ஓட்டுப் போட அனுமதி இல்லை. இடது கை ஆள்காட்டி விரல் இல்லாதவருக்கு அதே கையின் வேறு விரலில் வைப்பார்கள். மறுவாக்குப்பதிவு நடந்தால் இடது கை நடுவிரலில் வைப்பார்கள்.

கவனிக்க வேண்டியது

சில்வர் நைட்ரேட் அடர்த்தியாக இருந்தால் தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கலாம். மை காய்வதற்குள் கண்ணைக் கசக்காதீங்க. கறையை எடுக்க பிளீச்சிங் பவுடர், ஆசிட் என்று தேய்த்தால் தோல்தான் புண்ணாகும். பேசாமல் விட்டுவிடுங்க, சில வாரங்களில் தானாகவே போய்விடும்.