வாசிக்கப்படாத ஏடுகளும் பாரிசவாதச் சிகிச்சையும்

ஓர் உண்மை கண்டறியப்பட்டு அச்சேறியதும் உரியவரைச் சென்றடைந்துவிடும் என்பது நம்மிடையே நிலவும் பொதுவான எண்ணமாகும். மருத்துவ வரலாற்றை நோக்குமிடத்து இவ்வெண்ணம் ஐயத்துக்குரியதாகின்றது. பாரிசவாதத்தால் கை செயலிழந்தோருக்கு இன்று அளிக்கப்படும் ஒரு பயிற்சி முறையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1917 ஆம் ஆண்டில் ஒக்டன், பிரான்ஸ் எனும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் குரங்குகளின் மூளையில் இயக்கத்துக்குரிய பகுதியைச் சிதைத்து, ஒரு பக்க வாதத்தை உண்டாக்கினர். நல்ல கையைக் கட்டிவைத்து, வாதமுற்ற கையை இயக்கும்படி வற்புறுத்திய குரங்குகள் வியக்கத்தக்க அளவு தேறின. இம்முடிவு உளவியல் சார்ந்த ஏடொன்றில் வெளிவந்தது. எனினும், நோயாளரைப் பராமரித்த மருத்துவரிடையே இதனால் பெருமாற்றம் எதுவும் விளையவில்லை.

பல பத்தாண்டுகளின் பின்னர், எட்வேர்ட் டோப் என்பவர் வேறொரு வினாவை முன்வைத்து இவ்விடத்துக்கே வந்துசேர்ந்தார். உணர்ச்சி நரம்புகள் துண்டிக்கப்பட்ட கையைக் குரங்கு பயன்படுத்துவதில்லை என்பதை மொட், ஷெரிங்டன் ஆகியோர் 1895 இலேயே கூறியிருந்தனர். நல்ல கையைச் சில நாட்கள் கட்டிவைத்தால் அக்கை மீண்டும் தொழிற்படும் என டோப்பும் அவருடைய குழுவினரும் காட்டினர். முயன்று தோற்றமையால் குரங்கு அக்கையைப் பயன்படுத்தாதிருக்கக் 'கற்றுக்கொண்டது' என்பதே அவர் தந்த விளக்கம். (1981 இல் பொலிசார் இவரது ஆய்வுகூடக் குரங்குகளைக் கைப்பற்றியதும், வழக்கில் வழங்கப்பட்ட தண்டனைத் தீர்ப்பு பின்னர் மேன்முறையீட்டில் நீக்கப்பட்டதும் தனியே ஆராயத்தக்கவை.) அதே 1981 இல் ஒஸ்டென்டோர்ப், வொல்ப் ஆகிய இருவர் இவ்வழியை ஒரு பாரிசவாத நோயாளியிடம் பரிசோதித்தனர். 222 நோயாளர் பங்குபற்றிய பெரும் ஆய்வின் முடிவு 2006 இல் வெளிவந்தது. நல்ல கைக்கு உறையிட்டு, இரு வாரம் கடும் பயிற்சி பெற்றோர் வழமையான பராமரிப்பு பெற்றோரிலும் பார்க்கத் தேறினர். மணிக்கட்டும் விரல்களும் ஓரளவேனும் அசையக்கூடியோருக்கே இது பொருந்தும் என்பதும் மனங்கொளத்தக்கது.

1917 இற்கும் 2006 இற்கும் இடைப்பட்ட காலம் 89 ஆண்டுகள். எத்தனை கைகள் மடியிலே கிடந்து மரத்தனவோ!

இத்தகைய இடைவெளியையே சிக்காகோப் பல்கலைக்கழக நூலகவியற் பேராசிரியர் டொன் ஸ்வான்சன் ஆராய்ந்தார். மருத்துவர் அல்லாத இவர் பௌதிகவியல் பயின்றவர். குளிரில் விரல்கள் வெளிறும் ரேனோ நோயில் குருதியின் பாகுத்தன்மை மிகுதல், குருதிச் சிறுதட்டுக்கள் ஒட்டுதல், குழாய்கள் சுருங்குதல் என்பன பற்றி ஒரு தொகுதிக் கட்டுரைகள் கூறின. மீனெண்ணெய் இவற்றைக் குறைக்கும் என மற்றொரு தொகுதி கூறிற்று. இவ்விரு தொகுதிகளும் ஒன்றையொன்று அறிந்திருக்கவில்லை. அவற்றை இணைத்து, மீனெண்ணெய் ரேனோ நோய்க்குப் பயன்படலாம் என 1986 இல் அவர் எழுதினார். 1989 இல் 32 பேரிடம் நடந்த பரிசோதனையில், வேறு நோயின் விளைவாயன்றித் தானாகத் தோன்றிய ரேனோ உடையோரிடம் நற்பயன் காணப்பட்டது. 1988 இல் ஒற்றைத் தலைவலிக்கும் மக்னீசியத்துக்கும் இடையே 11 தொடர்புகளை அவர் சுட்டினார். பின்னர் ஸ்மோல்ஹைசருடன் சேர்ந்து இத்தேடலைக் கணனிக்கு உரியதாக்கினார். பெருந்தொகையான கட்டுரைகளிலிருந்து மறைந்த தொடர்புகளை அகழ்ந்தெடுக்கும் இன்றைய முயற்சிகளுக்கு இவையே வித்திட்டன எனலாம்.

அவ்வாறாயின் 1917 ஆம் ஆண்டுக் கட்டுரையையும் கணனி கண்டெடுத்திருக்குமா? இவ்வினாவுக்கு எளிதில் ஆம் எனக் கூறுதல் இயலாது. கணனி தனக்கு ஊட்டப்பட்டதையே வாசிக்கும். 1971 இல் தொடங்கிய மெட்லைன் தரவுத்தளம் பெரும்பாலும் 1940களின் பிற்பகுதிக்குப் பிந்திய கட்டுரைகளையே கொண்டது. சொற்களும் இடருக்குரியன. ஒரே நிலையை ஒருவர் பக்கவாதம் என்பார். இன்னொருவர் மூளைக் குருதிக்குழாய் விபத்து என்பார். குரங்கை ஆராய்பவரோ நோயின் பெயரையே கூறாது நரம்பின் பெயரை எழுதுவார். இச்சொற்கள் எக்காலத்தில், எத்துறையில், எப்பொருளில் வழங்கின என்பதை அறிந்தவர் கணனியின் அருகே இருத்தல் வேண்டும். அத்தொழில் கலைப்பீடத்தாருக்கு அந்நியமானதன்று. எனினும், கண்டெடுத்த தொடர்பு மெய்யா என்பதை 2006 இற் போல நோயாளரிடையே நடத்தும் பரிசோதனையே தீர்மானித்தது. ஸ்வான்சன் தம் முடிவுகளைக் கருதுகோள் என்றே குறிப்பிட்டார்.