பதினெட்டு வயதுப் பெடியனைப் பற்றி ஒரு சண்டை

2023 ஜூன் 28, புதன்கிழமை இரவு. ஸ்காபரோவில் ஒரு ரிம் ஹோர்ட்டன் கோப்பிக் கடையில் நாங்கள் ஆறு பேர் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றிக் குனிந்திருந்தோம். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் தேசிய ஹொக்கி லீக்கின் டிராஃப்ட் நடந்துகொண்டிருந்தது. அணிகள் முறைவைத்து, ஒவ்வொன்றாக, உலகின் இளம் பனி ஹொக்கி வீரர்களைத் தெரிந்தெடுக்கும் நாள் அது. எங்கள் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸுக்கு இருபத்தெட்டாவது முறை. 'ஈஸ்டன் கவன், லண்டன் நைற்ஸ்' என்று பெயர் வாசித்தார்கள்.

"உவன் ஆரடாப்பா?" என்று எங்களுக்குள் மூத்த அண்ணை கேட்டார். பல பட்டியல்கள் அவனை இரண்டாம் சுற்றுக்குரியவன் என்றுதான் போட்டிருந்தன. "உவனை நாளைக்கு எடுத்திருக்கலாம். ஆர் கொண்டோடப் போறான்? முதல் சுற்றை வீணாக்கிப் போட்டாங்கள்."

இங்கே பிறந்து வளர்ந்த தம்பி ஒருவன் விடவில்லை. "இல்லை அங்கிள், பிளேஓஃப்ஸிலை இருபது மட்ச்சிலை இருபத்தொரு பொயின்ற் எடுத்தவன். நான் பாத்தனான். இவன் பந்தை, சொறி, பக்கை விட்டுக் குடுக்கவே மாட்டான்."

அண்ணை தலையை ஆட்டினார். கோப்பி ஆறிப்போனது. கடை பூட்டுகிற நேரம் வரையும் அந்தச் சண்டை ஓயவில்லை.

யாழ்ப்பாணத்தில் சென்ற்ரல் கல்லூரிக்கும் சென்ற் ஜோன்ஸ் கல்லூரிக்கும் கிரிக்கெட் பிக் மட்ச் வருமுன்பு புதிதாக அணிக்கு எடுத்த பந்துவீச்சாளனைப் பற்றி மரநிழலில் நின்று சண்டை பிடித்தவர்கள்தான் நாங்கள். ஆகவே இந்தச் சண்டை எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் கனடாவில் இதற்கென்று தனியாக ஒரு வரலாறு இருக்கிறது. நாங்கள் உட்கார்ந்திருந்த கடையின் பெயரிலிருந்தே அதைச் சொல்லத் தொடங்கலாம்.

ரிம் ஹோர்ட்டன் ஒரு மனிதர் என்பது கோப்பி வாங்கும் எங்கள் சனத்தில் பலருக்குத் தெரியாது. ஒன்ராறியோவின் வடக்கே கொக்ரேன் என்ற ஊரில் பிறந்தவர், லீஃப்ஸின் தடுப்பாட்டக்காரர். 1962, 1963, 1964, 1967 என்று நான்கு முறை ஸ்ரான்லி கிண்ணம் வென்ற அணியில் ஆடினார். 1964இல் ஹமில்ற்றன் நகரில் முதல் டோனற் கடையைத் திறந்தார். 1974இல் கார் விபத்தில் இறந்தார். அவரை எந்த டிராஃப்டிலும் யாரும் தெரிவுசெய்யவில்லை. ரொறன்ரோவின் சென்ற் மைக்கேல்ஸ் என்ற கத்தோலிக்கப் பாடசாலையின் அணியை லீஃப்ஸ் பணம் கொடுத்துப் பராமரித்து வந்தது. அந்த அணிக்கு வந்த பெடியன் லீஃப்ஸின் பெடியன், அவ்வளவுதான் நடைமுறை. டேவ் கியோனும் ஃபிராங்க் மஹோவ்லிச்சும் அதே வாசலால்தான் வந்தார்கள்.

அந்தக் காலத்துக் கடிவாளத்துக்குப் பெயர் 'சி படிவம்'. ஒரு தாள்தான். அதில் ஒரு பையன் கையெழுத்திட்டால் அவனுடைய ஹொக்கி வாழ்வு அந்தக் கழகத்துக்குச் சொந்தம். பதினெட்டு வயது நிரம்பாதவன் என்றால் தாய் தகப்பனின் ஒப்புதல் வேண்டும். ஆகவே கழகத்து ஆட்கள் சின்ன ஊர்களின் சமையலறை மேசைகளைத் தேடிப் போனார்கள்.

பொபி ஓர் கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1961இல் கனனோக்குவே என்ற ஊரில் வேறு பையன்களைப் பார்க்கப் போன பொஸ்ரன் புரூயின்ஸ் ஆட்கள், எதிரணியில் சின்னப் பையன் ஒருவன் பக்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டு விளையாடுவதைக் கண்டார்கள். அடுத்த வருடம், பதினான்கு வயதில், அவன் அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டான். குடும்பத்துக்குக் கொஞ்சப் பணமும் ஒரு காரும் வீட்டுச் சுவருக்குப் புதுப் பூச்சும் கிடைத்தன என்பார்கள். அவனை வீட்டை விட்டு அனுப்பத் தாய்க்கு மனம் வரவில்லை. முதல் வருடம் பாரி சவுண்ட் ஊரிலிருந்து ஒஷாவா வரைக்கும் ஆட்டத்துக்கு ஆட்டம் காரில் கொண்டுபோய் விட்டுத் திரும்பினார்கள். எங்கள் ரொறன்ரோக்காரரும் அந்தப் பையனைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள், மிகவும் சின்னவன் என்று விட்டுவிட்டார்கள் என்று பழைய லீஃப்ஸ் ரசிகர்கள் இன்றும் சொல்லி வருந்துவார்கள். பின்னாளில் லீக்கின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான விருதைத் தொடர்ந்து எட்டு முறை வாங்கியவர் அவர்.

இந்த ஏற்பாட்டில் பணமும் பெயரும் உள்ள கழகங்களுக்கே நல்ல பையன்கள் போய்ச் சேர்ந்தார்கள். அதைச் சமன்செய்ய லீக்கின் தலைவர் கிளாரன்ஸ் கம்பெல் 1963 ஜூன் 5ஆம் திகதி, மொன்றியலில் குயின் எலிசபெத் ஹோட்டலில் முதலாவது டிராஃப்டை நடத்தினார். ஆறு அணிகள், நான்கு சுற்றுகள், மொத்தம் 21 பையன்கள். எந்தக் கழகத்தின் பிடியிலும் இல்லாமல் மிஞ்சியவர்கள் அவர்கள். முதலாவதாக மொன்றியல் கனேடியன்ஸ் எடுத்தது கரி மொனஹன் என்ற பதினாறு வயதுப் பையனை. அந்த 21 பேரில் ஐந்து பேர்தான் பின்னர் லீக்கில் ஆடினார்கள். அந்த ஐந்தில் மூவரைத் தெரிந்தெடுத்தது ரொறன்ரோ என்பதை நான் எங்கள் மேசையில் அடிக்கடி சொல்வதுண்டு, யாரும் நம்புவதில்லை. மொனஹனும் 1970இல் ரொறன்ரோவுக்கே வந்து சேர்ந்தார்.

கழகங்கள் இளையோர் அணிகளைப் பராமரிக்கும் முறை மெல்லத் தேய்ந்து, 1969இல்தான் டிராஃப்ட் எல்லோருக்குமானதாக ஆனது. ஆனாலும் அது பூட்டிய அறைக்குள் நடந்த காரியம். 1974இல், போட்டி லீக் ஒன்று பையன்களைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில், தொலைபேசியிலேயே இரகசியமாக நடத்தினார்கள். முன்பு ரொறன்ரோவுக்கு நான்கு கிண்ணங்கள் வென்று கொடுத்த பஞ்ச் இம்லாக் அப்போது பஃபலோ அணியின் மேலாளர். முடிவில்லாமல் இழுபட்ட அந்த அழைப்புகளில் சலித்துப்போய், 183ஆவது தெரிவாக ஜப்பானிய வீரர் தாரோ சுஜிமோட்டோ என்றார். லீக் அதைப் பதிந்துகொண்டது. அப்படி ஒரு வீரர் உலகத்திலேயே இல்லை. இல்லாத ஆளைத் தெரிவுசெய்தாலும் எவருக்கும் தெரியவராத அளவுக்கு ரசிகர்கள் வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள்.

1980 ஜூன் 11ஆம் திகதிதான் கதவு திறந்தது. மொன்றியல் ஃபோரம் அரங்கில் முதன்முறையாகப் பொதுமக்களை உள்ளே விட்டார்கள்; ஏறக்குறைய 2,500 பேர் வந்தார்கள். முதல் தெரிவும் மொன்றியலுடையதே. நகரம் இரண்டு பெயர்களை வைத்துச் சண்டை பிடித்தது. ஒருவன் டெனி சவார். அதே நகரின் வெர்டன் பகுதியில் வளர்ந்தவன், பிரெஞ்சு பேசுபவன், பார்வைக்குச் சின்னவன். மற்றவன் றெஜைனாவிலிருந்து வந்த டக் விக்கன்ஹைசர். பெரிய உடம்பு, அந்தப் பருவத்தில் 89 கோல்கள். கழகம் விக்கன்ஹைசரை எடுத்தது. சவார் மூன்றாவதாகச் சிக்காகோவுக்குப் போனான்.

அந்தச் சண்டையின் சூட்டை நான் ஆறு வருடம் கழித்து உணர்ந்தேன். 1986இன் தொடக்கத்தில் மிராபெல் விமானநிலையத்தில் வந்திறங்கி, மொன்றியலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். எனக்கு இரண்டு மொழியும் சரியாக வராது. தலைமைச் சமையற்காரர் வெர்டனைச் சேர்ந்தவர். வானொலியில் ஹொக்கி போய்க்கொண்டிருக்கும். நான் பக்கும் கோலும் படித்தது அங்கேதான். மே 12ஆம் திகதி இரவு, சென்ற் லூயிஸ் அணி மூன்றாம் பகுதியில் 5–2 என்று கல்கரியிடம் பின்தங்கி, 5–5 ஆகச் சமப்படுத்தி, மேலதிக நேரத்தில் வென்றது. வென்று கொடுத்த கோலை அடித்தவரின் பெயரைக் கேட்டதும் சமையற்காரர் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டார். விக்கன்ஹைசர். 1983இல் மொன்றியல் கைவிட்ட ஆள்.

ஏன் பேசாமல் நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு சைகையும் பாதி ஆங்கிலமுமாகச் சொன்னார். ஃபோரம் மேடையிலே நின்ற இருபது வயதுகூட ஆகாத அந்தப் பையனை, சவார் இல்லை என்ற ஒரே குற்றத்துக்காக, வருடக்கணக்காகத் திட்டியவர்களில் தானும் ஒருவராம். இன்னும் ஒரு ஆட்டம் சென்ற் லூயிஸ் வென்றால், இறுதிப் போட்டிக்கு விக்கன்ஹைசர் ஃபோரத்துக்கே வருவார். அவர் வரவில்லை. அடுத்த ஆட்டத்தில் கல்கரி 2–1 என்று வென்றது. மொன்றியல் அந்த வருடம் கிண்ணத்தைத் தூக்கியது. கோல் காவலில் நின்றவர் இருபது வயதுப் பற்றிக் றுவா, 1984 டிராஃப்டில் 51ஆவதாகப் போனவர். அவரைத் தெரிவுசெய்தபோது யாரும் சண்டை பிடிக்கவில்லை.

சவார் 1,338 புள்ளிகள் எடுத்து ஹொக்கிப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். விக்கன்ஹைசர் 276 புள்ளிகளோடு லீக்கை விட்டுப் போனார். 1999 ஜனவரியில், 37 வயதில், புற்றுநோயால் இறந்தார். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மொன்றியல் முட்டாள்தனம் செய்தது என்று இன்றும் சொல்வார்கள். மேலாளர்களைப் பற்றி எதையும் சொல்லட்டும். அது அவர்களது தொழில், அதற்குத்தான் சம்பளம். அந்தப் பையன் தன்னைத் தானே முதலாவதாகத் தெரிவுசெய்யவில்லை.

1988இல் நான் ரொறன்ரோவுக்கு வந்தேன். இங்கே கதாநாயகன் வென்டல் கிளார்க். சஸ்கச்சுவானில் கெல்விங்ரன் என்ற சிற்றூர்க்காரன். 1985இல் டிராஃப்ட் முதன்முறையாக மொன்றியலை விட்டு ரொறன்ரோவுக்கு வந்தபோது, சொந்த ஊரில் வைத்து லீஃப்ஸ் முதலாவதாக எடுத்த பையன். தடுப்பாட்டக்காரனாக வந்தவனை முன்னணிக்கு மாற்றினார்கள். முதல் பருவத்திலேயே 34 கோல்கள் அடித்தான். 1994இல் அவரைக் கியூபெக்குக்குக் கொடுத்து மற்ஸ் சுண்டினை வாங்கிய செய்தி வந்த நாளில், என்னோடு வேலைசெய்த வளர்ந்த ஆண்கள் கண் கலங்கினார்கள். சுண்டினும் ஒரு முதல் தெரிவுதான். 1989இல், அப்படித் தெரிவான முதலாவது ஐரோப்பியர். பின்னர் நெடுங்காலம் எங்கள் கப்டன்.

லீஃப்ஸ் தெரிவுகளைக் கைமாற்றிய கதை தனி வயிற்றெரிச்சல். ரொம் கேர்வர்ஸுக்காக 1989இல் கொடுத்த தெரிவு ஸ்கொட் நீடர்மயர் ஆனது. ஃபில் கெஸலுக்காகக் கொடுத்தவை ரைலர் செகினும் டகி ஹமில்ற்றனும் ஆயின. 1967க்குப் பிறகு இங்கே கிண்ணம் வரவில்லை. எங்கள் அண்ணை ஒரு இருபத்தெட்டாவது தெரிவுக்கு அவ்வளவு கோபப்பட்டதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் கவன் அன்றைக்கு மவுன்ற் பிரிட்ஜஸ் என்ற சிற்றூரிலிருந்து வந்த பதினெட்டு வயதுப் பெடியன். அடுத்த பருவத்தில் 54 ஆட்டங்களில் 96 புள்ளிகள் எடுத்து ஒன்ராறியோ லீக்கின் மிகச் சிறந்த வீரன் ஆனான். 2025இல் லண்டன் நைற்ஸ் கனடாவின் இளையோருக்கான மெமோரியல் கிண்ணத்தை வென்றபோது, தொடரின் சிறந்த வீரனும் அவனே. அண்ணை இப்போது அவனுடைய பெயரைத்தான் முதலில் கேட்கிறார். நாளைக்கு அவன் தடுமாறினாலும் அப்படியே கேட்கவேண்டும் என்று நான் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒலிம்பிக்கில் கனடாவுக்காக நான்கு தங்கம் வென்ற ஹெய்லி விக்கன்ஹைசர், டக் விக்கன்ஹைசரின் உறவுக்காரி. 2018இல் லீஃப்ஸில் இளம் வீரர்களை வளர்த்தெடுக்கும் பிரிவில் சேர்ந்தார். கவனைத் தெரிவுசெய்த 2023இல் அந்தப் பிரிவு அவருடைய பொறுப்பில் இருந்தது.